அட்மிஷன் தாளும் நம் அமானத்தும்



மார்வலியோடும் மூச்சுத்திணறலோடும் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்த சிறிது நேரத்தில், பணியிலிருக்கும் மருத்துவர் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்குகிறார். அட்மிஷன் ஆர்டர் என்பது அதன் பெயர். நோய் இன்னது, எந்த மருந்து ஒவ்வாது, எழுந்து நடக்கலாமா, என்ன உண்ணலாம், எவ்வளவு நீர் அருந்தலாம், எத்தனை மணிக்கொருமுறை இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், எந்த ஊசி, எந்தப் பரிசோதனை ஆகியவை அதில் வரிசையாக இடம்பெறும். இரவுப் பணிக்கு வரும் செவிலியர் நம் வாப்பாவை முன்பின் அறியாதவர். அத்தாளைப் பார்த்தே அவர் இயங்குகிறார்.

அதை மருத்துவரின் தனிக் காரியமாகக் கருதி, வெளியே நின்று தஸ்பீஹ் ஓதுவதோடு கடமை முடிந்ததென்று எண்ணும் வழக்கம் நம் குடும்பங்களில் வேரூன்றியிருக்கிறது. துஆவின் சிறப்பில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும், அத்தாளில் எழுதப்படுபவற்றுள் பெரும்பகுதி குடும்பத்தார் வாயிலிருந்து வர வேண்டிய செய்தி. அதை மறைப்பதும் குறைத்துச் சொல்வதும் அமானத்தில் செய்யும் மோசடி என்றே நாம் கருதுகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கற்பித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மறைக்கப்படுபவை எவை? மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் தாமாக வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் முதலாவது. அவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பலவீனமான இதயத்தை மேலும் திணறச் செய்யக்கூடியவை. பெயரறியாத நாட்டு மருந்துப் பொடிகளும், வயிற்றுப்புண்ணில் இரத்தம் கசிந்த பழைய வரலாறும் சொல்லப்படுவதில்லை. மாரடைப்பு எனச் சந்தேகம் எழுந்தவுடன் அஸ்பிரின் கொடுப்பவருக்கு அந்தப் பழைய வரலாறு தெரிந்தாக வேண்டும்.

இன்னொன்று, நாணத்தால் மறைக்கப்படுவது. தாம்பத்தியத்திற்காகச் சிலர் சில்டெனாஃபில் மாத்திரை உட்கொள்கின்றனர். அதை உண்ட 24 மணி நேரத்திற்குள், மார்வலிக்கு நாவின் கீழ் வைக்கும் நைட்ரேட் மருந்தைக் கொடுத்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். அதே வகையைச் சேர்ந்த டடலாஃபிலுக்கு இந்தக் கெடு 48 மணி நேரம். மகனும் மருமகளும் அருகில் நிற்கையில் ஒரு பெரியவர் இதை எவ்வாறு சொல்வார்? ஆகவே குடும்பத்தார் சற்று விலகி நின்று, மருத்துவர் தனிமையில் கேட்க வழிவிட வேண்டும். குளிப்புக் கடமையைப் பற்றி நபியவர்களிடமே கேட்க வந்த உம்மு சுலைம் (ரலி) அவர்கள், உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று முன்னுரைத்தே கேட்டார்கள். அந்த ஹதீஸை மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் நாமே மருத்துவமனையில் வாய்மூடி நிற்பது பொருந்தாது.

இனித் தொழுகை. படுக்கை ஓய்வு என்று தாளில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் ஐம்பது ஆண்டுகளாக ஃபஜ்ரைத் தவறவிடாத மனிதர் பாங்கு கேட்டதும் எழுந்துவிடுவார். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவர், நெஞ்சில் ஒட்டியிருந்த மானிட்டர் ஒயர்களைத் தாமே கழற்றிவிட்டு உளூச் செய்யச் சென்று குளியலறையில் விழுந்தார். உடலில் தேங்கிய நீரை வெளியேற்ற ஃபுரோசமைடு ஊசி போடப்பட்டவருக்கு, சட்டென எழுந்தால் அழுத்தம் குறைந்து தலைசுற்றக்கூடும். நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்ற சட்டத்தை அவர் அறியாதவரல்லர். அது தமக்குப் பொருந்தும் என்று அவருக்கு எடுத்துரைக்க ஆளில்லை. அவர் ஐவேளை தொழுபவர் என்று மருத்துவரிடம் தெரிவிக்கவும் ஆளில்லை. ‘நோயாளி படுக்கையிலேயே தொழுவார், உளூவுக்குத் தண்ணீரும் பாத்திரமும் கட்டிலருகே கொடுக்கவும்’ என்ற ஒரு வரி தாளில் இருந்திருந்தால் செவிலியர் அதையும் ஓர் ஆணையாக ஏற்றுச் செய்திருப்பார். கேட்டால் மருத்துவர்கள் மறுப்பதில்லை. சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர் தொழக்கூடாது என்று எண்ணி நாட்கணக்கில் தொழுகையை விட்டவர்களும் உண்டு. அவர் தங்கடமுடையவர், நேரம் வந்தபின் உளூச் செய்து தொழ வேண்டியவர். ஐயமிருப்பின் தம் பள்ளி இமாமைத் தொலைபேசியில் கேட்கட்டும்.

உணவைப் பற்றிய வரியை மீறுபவர்கள் பெரும்பாலும் நோய் விசாரிக்க வரும் நாம்தான். உப்புக் குறைவாக என்று எழுதப்பட்டவருக்குத் தூக்குச்சட்டியில் பிரியாணியும் ஊறுகாயும் வந்து சேர்கின்றன. இளநீர் கேடில்லாதது என்பது நம் பொதுநம்பிக்கை. ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் தளர்ந்து, ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரையும் உண்பவருக்குப் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். நீர் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் என்று வரையறுக்கப்பட்டிருந்தால், பரக்கத்தை நாடி ஊட்டும் ஜம்ஜமும் அந்தக் கணக்கில் சேரும். ஒரு மிடறு போதும். அதையும் செவிலியரிடம் சொல்லி அட்டவணையில் எழுதச் செய்ய வேண்டும். காலைதோறும் எடை பார்ப்பதை வீண் தொல்லை என்று சலித்துக்கொள்பவர்கள், ஒரு லிட்டர் நீர் தேங்கினால் ஒரு கிலோ ஏறும் என்பதை அறிந்தால் சலிக்கமாட்டார்கள்.

இரத்தம் உறையாதிருக்கப் போடும் ஹெப்பரின் பன்றியின் குடற்சவ்விலிருந்து எடுக்கப்படுவது என்று கேள்விப்பட்டு ஊசியைத் தடுத்தவர்களையும் நாம் அறிவோம். நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்பது அல்பகரா 173ஆம் வசனத்தின் தெளிவான சட்டம். ஃபோண்டாபரினக்ஸ் என்னும் செயற்கை மருந்து பொருந்துமா என்று பணிவோடு கேட்கலாம். மருத்துவர் ஹெப்பரினே தேவை என்றால் மறுபேச்சின்றி ஏற்க வேண்டும். மாரடைப்பின்போது வராந்தாவில் ஃபிக்ஹ் விவாதம் நடத்துவது, பெற்றவர் உயிரோடு விளையாடுவதாகும்.

நோயாளியின் பதிவுகளை எழுதிவைக்கும் ஒழுங்கு நம் முன்னோர்க்கு அந்நியமானதன்று. அபூபக்ர் அர்ராஸீ எழுதி வைத்த குறிப்புகளே அவர் மறைவுக்குப் பின் அல்ஹாவீ என்ற பெருநூலாகத் தொகுக்கப்பட்டன.

வீட்டில் இதய நோயாளி இருப்பின், அவர் உண்ணும் அத்தனை மாத்திரை அட்டைகளையும் பழைய ஈசிஜி, எக்கோ அறிக்கைகளையும் ஒரே பையிலிட்டு, ஒவ்வாத மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, கதவருகே மாட்டி வைத்துவிடுங்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது முஸல்லாவோடு அந்தப் பையும் உடன் செல்லட்டும்.