டிரையருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பஞ்சு

பஞ்சுத் தூசியைப் பற்றித் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிட்டிங் மெஷினுக்கு மேலே ஃபேன் சுற்றுவது ஆளுக்குக் காற்று வர அல்ல, ஊசியில் பஞ்சு படியாமல் இருக்கத்தான். 2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் பஜாரில் சுமார் 50 கடைகள் எரிந்து போனதையும் ஊர் மறந்திருக்காது. ஆனால், கம்பெனியில் இவ்வளவு உஷாராக இருப்பவர்கள்கூட வீட்டு டிரையரின் பின்பக்கத்தை எட்டிப் பார்ப்பதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாது. அபார்ட்மென்ட்டில் கொடி கட்டவும் இடமில்லை. அதனால் டிரையர் வாங்கும் வீடுகள் கூடிவருகின்றன.

ஈரத் துணி சூடான காற்றில் புரளும்போது நூலிலிருந்து சிறு இழைகள் உதிரும். பருத்தி என்றால் அதிகம். புதுத் துண்டு, புது பனியன் என்றால் இன்னும் அதிகம். பெரும்பகுதியை ஃபில்டர் பிடித்துவிடும். தப்பித்த மிச்சம் ஈரக் காற்றோடு போய், வெளியேற்றும் குழாயின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். இடத்தை மிச்சம் பிடிக்க மெஷினைச் சுவரோடு தள்ளும்போது குழாய் மடங்கினால், பஞ்சு அங்கேதான் அடையும். காற்று போக வழியில்லாமல் உள்ளே சூடு ஏறும்.

அளவுக்கு மேல் சூடானால் கரன்ட்டை நிறுத்த மெஷினுக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது. 'அடிக்கடி போகுதுங்க, டைரக்ட் கொடுத்திருங்க' என்று மெக்கானிக்கிடம் சொல்வதைப் போன்ற ஆபத்து வேறில்லை. ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால், எங்கே அடைப்பு என்று தேட வேண்டும்.

லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 2016 ஆகஸ்டில், 18 மாடிக் குடியிருப்பின் 7-வது மாடியில் தீப்பிடித்தது. தொடங்கிய இடம் ஓர் இன்டெசிட் டிரையர். பஞ்சு ஹீட்டரில் பட்டுத் தீப்பிடிக்க வாய்ப்புள்ளது என்று, அப்போது அந்த பிராண்டை வைத்திருந்த வேர்ல்பூல் 2015-லேயே எச்சரித்திருந்தது. ஆனால், பக்கத்தில் ஆள் இருந்தால் ஓட்டலாம் என்றும் சொல்லியிருந்தது! நல்லவேளை, யாரும் உயிரிழக்கவில்லை. மெஷின்களை முழுமையாகத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது 2019-ல்தான். அமெரிக்காவில் வீட்டு டிரையர்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் என்கிறது அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம். அதில் முதல் காரணம், சுத்தம் செய்யாமல் விடுவது.

நம் வீடுகளுக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. எண்ணெய்க் குளியல் துண்டு, சமையலறைக் கைப்பிடித் துணி. துவைத்த பிறகும் இவற்றில் எண்ணெய் கொஞ்சம் தங்கும். டிரையரில் சூடேறிய பிறகு அப்படியே குவித்து வைத்தால், அந்தச் சூடு வெளியேறாமல் உள்ளுக்குள்ளேயே கூடி, சில சமயம் தானாகவே புகையத் தொடங்கும். இந்தத் துணிகளை வெயிலில் போடுங்கள்.

வழக்கமாக ஒரு மணி நேரத்தில் காயும் துணி ஒன்றரை மணி நேரம் எடுத்தால் அடைப்பு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மெஷினின் மேல்பக்கம் கைவைக்க முடியாத அளவு சுடுவது, கருகல் வாசனை, பின்சுவரில் ஈரம் ஆகியவையும் அதே கதைதான். ஃபில்டரை ஒவ்வொரு முறையும், குழாயை வருடத்துக்கு ஒரு முறையாவது கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். குழாய் பிளாஸ்டிக் என்றால் உலோகத்துக்கு மாற்றிவிடுங்கள். குழாயே இல்லாத வாஷர் டிரையரிலும் உள்ளே பஞ்சு சேரும். சர்வீஸுக்கு வருபவரிடம் அதைச் சொல்லியே பார்க்கச் சொல்லுங்கள். எப்படியும், டிரையரை ஓடவிட்டுத் தூங்கப் போவதும் கடைக்குப் போவதும் வேண்டாம்.

உள்ளே புகை தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள். காற்று போனால் தீ பெரிதாகும். மெயின் சுவிட்சை அணைத்து, எல்லோரும் வெளியே வந்துவிட்டு 101 அல்லது 112-க்கு அழையுங்கள்.