ஆற்றுக்கும் ஒரு பங்கு



மழைக்காலத்தில் ஆறு பெருகிக் கடலில் கலந்தால், "இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாயிற்றே" என்று நாளிதழ்கள் வருந்துகின்றன. நாமும் உடன் வருந்துகிறோம். கரையோரக் காட்டிலும் சதுப்பு நிலத்திலும் நீர் பரவி நின்றாலும் இதே பேச்சுத்தான். வயலுக்குப் போகாத நீரெல்லாம் வீண் என்பது நம் கணக்கு. ஆஸ்திரேலிய நாட்டினர் இந்தக் கணக்கை நம்மைவிட உறுதியாக நம்பியவர்கள். நம்பியதோடு நில்லாமல், தங்கள் பெரிய ஆற்றை முழுவதும் அடக்கியும் காட்டினார்கள். இன்று அதே நாட்டினர் அணையில் சேர்த்த நீரில் ஒரு பகுதியைப் பணம் கொடுத்து வாங்கிக் காட்டுக்கும் சதுப்பு நிலத்துக்கும் பாய்ச்சுகிறார்கள். இது பித்தா, அறிவா? அறிவே என்பது என் எண்ணம். ஆனால் அந்த அறிவிலும் ஒரு குறுக்குவழி புகுந்துவிட்டது என்றும் நினைக்கிறேன்.

புவியியல் பாடத்தில் மர்ரே – டார்லிங் என்று ஒரே வரியில் படித்து முடித்துவிட்டோம். அந்தப் படுகை ஏறத்தாழ பத்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. ஆஸ்திரேலியாவில் ஏழில் ஒரு பங்கு. மர்ரே ஆறு மட்டும் சுமார் 2,500 கிலோமீட்டர் ஓடுகிறது. நிலமோ தட்டை. குளிர்கால மழையும், வசந்தத்தில் உருகும் மலைப்பனியும் சேர்ந்து வரும்போது ஆறு கரை வழிந்து பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவும். ஏரிகளையும், "பில்லபாங்" என்று அங்கே வழங்கும் பழைய ஆற்று வளைவுகளையும் நிரப்பிப் பின்பு மெல்ல வடியும். இவ்வாறு பரவும் நிலமே வெள்ளச் சமவெளி.

1919இல் தொடங்கி 1936இல் முடிந்த ஹ்யூம் அணையும், ஆற்றின் குறுக்கே வரிசையாக எழுந்த கதவணைகளும் இந்த வழக்கத்தை மாற்றிவிட்டன. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் வரும் நீர் அணைக்குள் அடைபட்டது. கோடையில் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. ஆறு வற்ற வேண்டிய மாதத்தில் நிறைந்தும், நிறைய வேண்டிய மாதத்தில் இளைத்தும் ஓடலாயிற்று. ஆற்றுக்குப் பருவமே தலைகீழானது.

இதனால் யாருக்கு என்ன கெட்டது? முதலில் மரங்களுக்கு. புதுக்கோட்டைப் பக்கம் போனவர்கள் தைலமரக் காடுகளைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் நட்ட தைலமர இனங்களுள் ஒன்றான "ரிவர் ரெட் கம்", மர்ரே ஆற்றங்கரையில் இயற்கையாக வளரும் மரம். பார்மா – மில்லேவா என்ற இடத்தில் 66,000 ஹெக்டேர் பரப்பில் அதன் காடு நிற்கிறது. அவ்வினத்தில் உலகிலேயே பெரிய காடு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது வெள்ளம் அதன் அடியில் நிற்க வேண்டும். நின்றால்தான் இலை தழைக்கும், விதை முளைக்கும். 1997 முதல் 2009 வரை நீடித்த பெரும் வறட்சியில் மர்ரேயின் கீழ்ப்பகுதியில் இந்த மரங்களில் பெரும்பாலானவை வாடின, பல பட்டுப்போயின. நிலத்தடி நீரையெல்லாம் உறிஞ்சுகிறது என்று நாம் இங்கே குற்றம் சாட்டும் மரம், தன் பிறந்த ஊரில் தாகத்தால் செத்தது! விந்தைதான்.

மரத்தோடு முடியவில்லை. வெள்ளச் சமவெளியின் காய்ந்த மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகளின் முட்டைகளும், நீர்ச்செடிகளின் விதைகளும் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். நீர் தொட்ட சில நாளில் அவை விழித்துப் பெருகும். அவற்றை மீன்குஞ்சு தின்னும். மீனையும் தவளையையும் பறவை தின்னும். வெள்ளம் நெடுங்காலம் வராமல் போனால் வேறொரு கேடும் சேர்கிறது. உதிர்ந்த இலைகள் வாரப்படாமல் தரையில் அடுக்கடுக்காகக் குவிகின்றன. பின்னர் ஒருநாள் பெருவெள்ளம் வந்ததும் அவ்வளவு இலையும் ஒரே சமயத்தில் ஊறி, நீர் தேநீர்போல் கறுக்கிறது. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. வறட்சி முடிந்து 2010–11இல் வெள்ளம் வந்தபோது இதுதான் நடந்தது. மீன்கள் மிதந்தன, மூச்சுவிட வழியின்றி நன்னீர் இறால்கள் கரையேறி நின்றன. நாடே ஏங்கிக் காத்திருந்த வெள்ளம் மீன்களுக்கு நஞ்சாய் வந்தது.

ஆகவே ஆற்றுக்கு வேண்டியது எப்போதோ வரும் ஒரு பெருவெள்ளம் மட்டுமன்று. அடிக்கடி, பருவத்தில், அளவோடு வரும் சிறு வெள்ளங்களும் வேண்டும். அதைத்தான் இப்போது திட்டமிட்டுச் செய்கிறார்கள். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, சுற்றுச்சூழலுக்கென நீருரிமை வைத்திருக்க மத்திய அரசில் ஓர் அதிகாரி அமர்த்தப்பட்டார். விற்க முன்வரும் விவசாயிகளிடம் நீருரிமையை விலைக்கு வாங்கியும், வாய்க்கால்களைச் சீராக்கி நீர்க்கசிவைத் தடுத்து மிச்சம் பிடித்தும் அவருடைய பங்கு சேர்ந்தது. வறட்சி ஆண்டில் விவசாயிக்குக் குறைவதுபோல் ஆற்றின் பங்கும் குறையும். நம் ஊர் வழக்கில் சொன்னால், ஆறும் ஓர் ஆயக்கட்டுதாரர் ஆகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. பிச்சை கேட்பவனுக்கும் பட்டா வைத்திருப்பவனுக்கும் உள்ள வேறுபாடு பெரியதன்றோ?

எண்கள் சிலவற்றைப் பெற்றோரும் அருட்சகோதரியரும் பொறுத்தருள வேண்டும். 2012இல் வகுத்த படுகைத் திட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 2,750 ஜிகாலிட்டர் நீரை ஆற்றுக்குத் திருப்பித் தர இலக்கு வைத்தது. நம் அளவில் அது சுமார் 97 டி.எம்.சி. மேட்டூர் அணை நிரம்பி நின்றால் 93.47 டி.எம்.சி. என்பதை நினைத்துக்கொண்டால் அதன் பெருமை விளங்கும். அதற்கு முன்பே, 2005–06இல், பார்மா – மில்லேவா காட்டுக்கு ஏறத்தாழ 18 டி.எம்.சி. விடப்பட்டது.

அளவைக் காட்டிலும் காலம் முக்கியம் என்பதற்கு நரான் ஏரி சான்று. 2008இல் அங்கே அரிவாள்மூக்கன் பறவைகள் கூட்டம் கூட்டமாய் வந்து, நீர் சூழ்ந்த புதர்களில் சுமார் 74,000 கூடுகள் கட்டின. முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பறக்க இரண்டு மாதத்துக்கு மேலாகும். இடையில் நீர் விரைந்து வடிந்தால் தாய்ப்பறவைகள் கூட்டை விட்டுப் போய்விடும். நீர் வடியத் தொடங்கியது. உடனே மேல்மடைப் பாசனக்காரர்களிடம் ஆயிரம் கோடி லிட்டருக்குச் சற்று அதிகமான நீரை விலைக்கு வாங்கி ஏரிக்கு விட்டார்கள். குஞ்சுகள் வளர்ந்து பறந்தன. ஒரு டி.எம்.சி.யில் பாதிகூட இல்லாத நீர்தான்.

"மனிதன் பெரியவனா, பறவை பெரியதா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. டெனிலிக்வின் என்ற ஊரில் தென் அரைக்கோளத்தின் மிகப் பெரிய அரிசி ஆலைகளுள் ஒன்று உள்ளது. வறட்சியால் அது 2007இல் மூடப்பட்டு 2011இல்தான் மீண்டும் திறந்தது. அத்தகைய நாட்களைக் கண்டவர்களிடம் நீரைக் காட்டுக்கு விடுவோம் என்றால் கொதிக்கமாட்டார்களா? 2010இல் திட்டத்தின் முதல் அறிக்கை வந்தபோது கிரிஃபித் நகர விவசாயிகள் அதன் பிரதிகளைத் தெருவில் கொளுத்தினார்கள். ஒரு விவசாயி தன் நீரை நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போய்விடலாம். அந்த ஊரின் கடைக்காரரும் கூலியாளும் எதை விற்பார்கள்? நீரை வாங்கும் அரசு, ஊருக்கும் ஈடு செய்தாக வேண்டும். ஆனால் ஆறு செத்தபின் ஆலை மட்டும் ஓடுமா? 1981இல் மர்ரேயின் முகத்துவாரமே மணலால் அடைபட்டது. நிலத்தின் உப்பைக் கடலுக்குச் சுமந்து செல்வது ஆறுதான். அது போகாவிட்டால் உப்பு படுகையிலேயே தங்கும்.

இனிக் குறுக்குவழி. விக்டோரியா மாநிலத்தின் ஹட்டா ஏரிகளுக்கு ஆறு தானாக ஏறுவது அரிதாகிவிட்டதால், 2013இல் ஏழு பம்புகள் கொண்ட நிலையம் ஒன்றை அமைத்தார்கள். நாளொன்றுக்கு நூறு கோடி லிட்டர் ஏற்றலாம். மதகும் கரையும் கட்டி நீரைத் தேக்கினார்கள். வாடிய மரங்கள் துளிர்த்தன, மறுக்கவில்லை. சாகக் கிடப்பவருக்கு ஊசி வழியே குளுக்கோஸ் ஏற்றுவதைக் குறை சொல்வார் உண்டா? ஆனால் பின்னர் வந்த கணக்கு வேறு. "பம்பும் மதகும் வைத்துக் குறைந்த நீரில் அதே பயனைப் பெறுகிறோம், ஆகவே விவசாயிகளிடமிருந்து அவ்வளவு நீர் வாங்க வேண்டியதில்லை" என்று 2018இல் 605 ஜிகாலிட்டரை, அதாவது 21 டி.எம்.சி.யைக் கழித்துக்கொண்டார்கள். குளுக்கோஸ் ஏறுகிறதே, இனிச் சோறு எதற்கு என்பது போலிருக்கிறது இது. ஆறு தானே ஏறி வந்தால் மீன் வரும், வண்டல் வரும், விதை வரும். வடியும்போது சமவெளியின் உணவை ஆற்றுக்கே கொண்டு திரும்பும். பம்பு ஏற்றுவது பெரும்பாலும் நீரை மட்டுமே. கரைக்குள் தேங்கிய நீரில் வெளிநாட்டுக் கெண்டைமீன் வேறு கொழித்துப் பெருகுகிறது.

பம்பை நாடியதற்குக் காரணம் உண்டு. அணையிலிருந்து பெரிதாகத் திறந்தால் வழியிலுள்ள தாழ்ந்த வயல்களும், தரைப்பாலங்களும், சாலைகளும் மூழ்கும். அந்த நிலத்துக்காரர்கள் சம்மதிக்கவில்லை. அவர்கள் இழப்பை யாரும் ஒழுங்காகப் பேசித் தீர்க்கவுமில்லை. 2023ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய வேலைகளை முடிக்க 2026 இறுதிவரை அவகாசம் தந்தது; விற்க விரும்புவோரிடம் நீர் வாங்குவதற்கு இருந்த தடையையும் நீக்கியது. என்னைக் கேட்டால், முதல் பணத்தைப் புதிய பம்புக்குச் செலவிடமாட்டேன். மூழ்கும் பாலங்களை உயர்த்துவேன். மூழ்கும் வயலுக்கு ஆண்டுதோறும் வாடகை தருவேன். பிறகு செப்டம்பர் மாதத்தில் அணையைத் திறப்பேன்.