வீடியோவுக்குள் எழுத்தைப் பூட்டாதீர்கள்

இணையதளத்தில் ஒன்றை அசைத்துக் காட்ட இரண்டு வழிகள் உள்ளன. அசைவை முன்பே பதிவுசெய்து வீடியோவாக ஏற்றிவிடலாம். அல்லது எது, எப்போது, எங்கே நகர வேண்டும் என்ற கட்டளைகளை மட்டும் எழுதி, படிப்பவரின் பிரவுசரையே வரைந்துகொள்ளச் சொல்லலாம். வடிவமைப்பாளருக்கு முதல் வழி எளிது. ஆனால் அசைவதில் சொல்லோ எண்ணோ வரைபடமோ இருந்தால் இரண்டாவது வழியே நியாயமானது. வீடியோவுக்குள் போன எழுத்து வெறும் நிறப் புள்ளிகளாகிவிடுகிறது. பட்ஜெட்டை விளக்கும் ஓர் அசையும் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். அது வீடியோவாக இருந்தால், அதிலுள்ள தொகை தேடலில் எளிதாகச் சிக்காது. பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடர் அதை வாசிக்காது. சிறிய கைபேசித் திரையில் எழுத்து மட்டும் பெரிதாகாது. ஓர் எண்ணைத் திருத்தவும் முழு வீடியோவையும் மறுபடி தயாரிக்க வேண்டும். ஆங்கில வரைபடத்தைத் தமிழில் தரவும் அதே பாடுதான். படத்தை வடிவங்களின் விவரமாக எழுதும் எஸ்விஜி, தோற்றத்தையும் அசைவையும் வரையறுக்கும் சிஎஸ்எஸ் ஆகியவற்றைக் கொண்டு எழுதியிருந்தால் உரிய வரிகளை மாற்றினால் போதும்.

வீடியோ எந்தக் கருவியிலும் ஒரேபோல ஓடும், நிரலோ விலை குறைந்த கைபேசியைத் திணறடிக்கும் என்பார்கள். இதில் உண்மை உண்டு. எச்.264 வீடியோவை விரித்துக் காட்ட அநேகமாக எல்லாக் கைபேசிகளிலும் தனி வன்பொருள் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அந்த வசதி இல்லை. நொடிக்கு 60 சட்டகங்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 16 மில்லிநொடி. அதற்குள் கணக்கு முடியாவிட்டால் படம் திக்கும். புகை, நீர், மனித முகம், ஆயிரக்கணக்கில் சிதறும் துகள்கள் எல்லாம் வீடியோவுக்கே உரியவை. ஆனால் ஒரு பட்டை உயர்வதும் ஒரு சொல் மெல்லத் தோன்றுவதும் அந்த வகையல்ல. இடமாற்றத்தையும் ஒளிபுகு தன்மையையும் மட்டும் மாற்றினால், பிரவுசர் அந்த வேலையைப் பெரும்பாலும் கிராபிக்ஸ் சில்லிடம் ஒப்படைத்துவிடும். ஏர்பிஎன்பி 2017-இல் வெளியிட்ட லாட்டி என்ற அசைவூட்டக் கருவியும் அசைவை வடிவங்களின் விவரமாகவே சேமிக்கிறது. அதனால் எந்த அளவிலும் படம் துல்லியமாக இருக்கும். (எழுத்தை வெறும் கோடுகளாக மாற்றி ஏற்றுமதி செய்தால் லாட்டியிலும் வீடியோவின் குறையே மிஞ்சும்.)

நிரலை நம்பக் கூடாது என்பதற்கு, ஒருகாலத்தில் இணையத்தில் அசைவூட்டப் பயன்பட்ட ஃபிளாஷுக்கு நேர்ந்ததை நினைவூட்டுவோரும் உண்டு. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதன் ஆதரவை நிறுத்தியபோது எண்ணற்ற அசைவூட்டங்கள் பிரவுசர்களில் ஓடாமல் போயின. ஃபிளாஷ் ஒரு தனி நிறுவனத்தின் செருகுநிரல். எஸ்விஜியோ 2001 முதல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பொதுத் தரம், பிரவுசருக்குள்ளேயே இருப்பது. இன்னொரு காரணத்துக்காகவும் நிரலையே ஆதரிக்கிறேன். திரையில் அசைவைக் கண்டால் சிலருக்குத் தலைசுற்றும். அவர்கள் கைபேசியில் அசைவைக் குறைக்கும் அமைப்பைத் தேர்ந்திருந்தால், நிரல் அதை அறிந்து நேரே இறுதி வரைபடத்தைக் காட்ட முடியும். வீடியோவை நிறுத்தினால் அது நின்ற இடமே மிஞ்சும். முழு வரைபடத்துக்குத் தனிப் படம் தயாரிக்க வேண்டும். எனவே தேர்தல் முடிவையும் மழை அளவையும் அசைவோடு காட்ட விரும்பும் செய்தித்தளங்களும் அரசுத் தளங்களும், வேலையை ஒப்படைக்கும் ஒப்பந்தத்திலேயே, எழுத்து எழுத்தாகவே வந்துசேர வேண்டும் என்று நிபந்தனை விதிக்கட்டும்.