வினாவெழுப்பும் அகவை எது?

தமிழகத்துக் கல்லூரிகளில் இளங்கலை பயிலும் மாணவன் மூன்றாண்டுகளும் பிறர் கண்டதைப் படித்து, பிறர் சொன்னதை எழுதி, பிறர் இட்ட மதிப்பெண்ணைப் பெற்று வெளியேறுகின்றான். தானாக ஒரு வினாவை எழுப்பவும், அதன் விடைக்கென ஒரு திங்களேனும் அலையவும் அவனுக்கு அங்கு இடமில்லை. முதுகலையும் முடித்து, முனைவர் பட்டத்திற்குப் பதிந்துகொண்ட பின்னரே ஆய்வு தொடங்கும் என்னும் எண்ணம் பேராசிரியரிடத்தும் பெற்றோரிடத்தும் ஒருங்கே வேரூன்றிக் கிடக்கின்றது. இருபத்து மூன்று அகவை வரை வினவாதிருந்த வாய், அதன்பின் திடுமென வினவத் தொடங்கிவிடும் என்று இவர்கள் எதிர்பார்ப்பது பெருவியப்பே!

இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்குச் சென்னை மாநிலக் கல்லூரியே சான்று. 1928-இல் அங்கு இளநிலை இயற்பியல் பயின்றுகொண்டிருந்த சந்திரசேகர், கோடை விடுமுறையில் கல்கத்தா சென்று, தம் சிற்றப்பர் இராமனின் ஆய்வுக்கூடத்தில் இருந்துவிட்டு வந்தார். அவ்வாண்டே செருமானிய அறிஞர் சோமர்பெல்டு சென்னைக்கு வந்தபொழுது, அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று அவரைக் கண்டார். மாணவர் தாமே முயன்று கற்றிருந்தது சோமர்பெல்டு எழுதிய நூலே. அந்நூற் கருத்துகள் பழையனவாகிவிட்டன என்று அதனை எழுதியவரே எடுத்துரைத்து, இன்னும் வெளிவராத தம் கட்டுரையின் அச்சு மெய்ப்பையும் அவர் கையிற் கொடுத்தார். அந்தத் தாள்களிலிருந்து கிளைத்த ஆய்வுக் கட்டுரை 1929-இல் இலண்டன் அரசக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. பட்டம் கிடைத்ததோ 1930-இல்தான்! 1983-இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே.

இங்கு ஒன்றை மறைத்தல் ஆகாது. அவருக்கு வீடு நிறைய நூல்களிருந்தன, ஆங்கிலம் இருந்தது, ஆய்வுக்கூடம் வைத்திருந்த சிற்றப்பர் இருந்தார். உழவன் மகனுக்கும் தறி நெய்வான் மகளுக்கும் அத்தகைய சிற்றப்பர் எங்கிருந்து வருவார்? அவர்களுக்கு அந்த உறவாக நிற்கக் கடமைப்பட்டது பல்கலைக்கழகமே.

அமெரிக்க நாட்டின் மாசாச்சுசெட்சு தொழில்நுட்ப நிறுவனம் 1969-லேயே இதனை உணர்ந்து, இளநிலை மாணவர்க்கென ஓர் ஆய்வுத் திட்டம் வகுத்தது. முதலாண்டு மாணவனும் பேராசிரியரின் ஆய்விற் கைகோத்துக்கொள்ளலாம். உழைப்பிற்குப் பாடமதிப்போ ஊதியமோ உண்டு. மாலையிற் கடைக்குச் சென்று கணக்கெழுதிக் குடும்பத்தைத் தாங்கும் மாணவனுக்கு இவ்வூதியம் எத்துணைப் பெரிது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நடுவணரசின் பல்கலைக்கழக நல்கைக் குழு 2022-இல் வகுத்த வரையறையோ வேறு வழியிற் செல்கின்றது. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றவனே நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவிற் சேரலாமாம்! நெட்டுருவில் வென்றவனுக்கே ஆய்வு என்பது, ஓட்டத்தில் வென்றவனுக்கே நீச்சல் கற்பிப்பது போன்றது. அந்த நான்காம் ஆண்டின் செலவை ஏழைத் தந்தை எங்ஙனம் தாங்குவான் என்பதை எண்ணிப் பார்த்ததாகவும் தெரியவில்லை.

ஆய்வுக்குரிய பொருளைத் தேடிக் கடல் கடக்க வேண்டுவதில்லை. கீழடியில் 1970-களிலேயே பள்ளிச் சிறுவர் கொணர்ந்து காட்டிய பழம்பொருள்களை அவ்வூர் ஆசிரியர் ஒருவர் பொருட்படுத்தினார். அகழாய்வு தொடங்கியதோ 2015-இல். சிறுவர் கண்ணுக்குப் புலப்பட்டதைப் பெரியோர் தோண்டிப் பார்க்க நாற்பது ஆண்டுகள்! வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று மீனவர் பெயரிட்டு வழங்கும் காற்றுகளை ஓராண்டு முழுதும் காற்றளவுப் பதிவுகளோடு ஒப்பிட்டு நோக்க, கடலோரக் கல்லூரியின் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி போதும். ஏரியின் மதகும் கலிங்கும் எக்கணக்கில் அமைந்தன என்று அளந்தறியப் பொறியியல் மாணவர் நால்வர் போதும். இவற்றை அறிந்து சொல்வோரும் தமிழர். அவர்கள் சொல்வதும் தமிழ். ஏட்டில் மட்டும் ஆங்கிலம் ஏன்? அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் தொடங்கிற்று. தமிழிற் படிக்கலாம் என்று ஒப்பியவர்கள் ஆய்வு என்றவுடன் ஆங்கிலத்திற்குத் தாவுவதற்குக் கரணியம் அடிமையுள்ளமன்றி வேறில்லை.

மாணவரும் வாளா இருத்தல் கூடாது. ஒரு பேராசிரியரின் கட்டுரையைப் படித்து, அதிற் புரியாத ஒன்றையேனும் குறித்துக்கொண்டு அவர் அறைக்கதவைத் தட்ட வேண்டும். முதலிற் குப்பி கழுவவும் எண்களைப் படியெடுக்கவும் சொல்வார், செய்க. செய்ததையும் தவறியதையும் நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதுக. மாணவன் உழைப்பில் தம் பெயரை மட்டும் பொறித்துக்கொள்ளும் நெறியாளர்களும் உளர். அவர்களிடத்து அக்குறிப்பேடே அவனுக்குச் சான்று.

ஒவ்வொரு துறையும் கல்வியாண்டின் தொடக்கத்தில், தான் விடை தேடும் வினாக்களைத் தமிழில் எழுதி வாயிலில் தொங்கவிடட்டும். அதன்கீழ், மதிப்பெண் கேளாமல், முதலாண்டு மாணவனும் பெயரெழுதிக்கொள்ள இடம் விடட்டும்.