குருமனையும் காக்கப்பட வேண்டும்

ஊர் ஆலயத்தின் கட்டட நிதிக்காக ரசீதுப் புத்தகத்துடன் தம்பானூர் வரை வருகிறவர்கள் உண்டு. நாகர்கோவில், வள்ளியூர், திசையன்விளைப் பக்கத்திலிருந்து இங்கு வந்து பிழைக்கும் நம்மவர்கள், சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்துக் கொடுக்கிறார்கள். கொடுப்பது நல்லதே. ஆனால், அந்தப் பணம் பழுது பார்க்கவா, இடித்துக் கட்டவா என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

ஆலயத்தை இடிக்க யாரும் எளிதில் துணியமாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் பழைய குருமனைக்குத்தான் ஆபத்து. "ஒழுகுகிறது, இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டுவோம்" என்று ஒரே கூட்டத்தில் முடிவாகி விடும்.

திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடியைப் பாருங்கள். 1841-ல் அங்கு வந்த கால்டுவெல் ஐயர் 1847-ல் தொடங்கிய ஆலயம் 1880-ல்தான் பிரதிஷ்டை ஆயிற்று. கூர் வளைவு ஜன்னல்களோடு நிற்கும் அந்த ஆலயத்தின் அழகைப் புகழாதவர் இல்லை. ஆனால் அவரது வேலை நடந்தது எளிமையான வீட்டில். 1856-ல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்குப் பின்னால் இடையன்குடி ஆண்டுகளின் உழைப்பு இருக்கிறது. அவரது மனைவி எலைசா, அன்றைய திருவிதாங்கூரின் நாகர்கோவிலில் பணி செய்த மால்ட் ஐயரின் மகள். ஊர்ப் பெண்பிள்ளைகளின் கல்விக்கு உழைத்தவர் அவர். அந்த வீட்டைத் தமிழக அரசு 2011-ல் நினைவு இல்லமாக்கியது. ஆலயம் மட்டும் மிஞ்சி வீடு போயிருந்தால், கதையில் பாதி போயிருக்கும்.

புகழ் பெற்றவர் குடியிருந்த வீட்டுக்கு அரசு வந்தது. பெயர் தெரியாத குருமார்கள் வாழ்ந்த வீடுகளுக்கு யார் வருவார்கள்?

பழம்பெருமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கனத்த சுவர், உயர்ந்த கூரை, வெயிலும் மழையும் அறைக்குள் வராமல் தடுக்கும் சுற்றுத் தாழ்வாரம், நேருக்கு நேர் ஜன்னல்கள் – பழைய பங்களாக்களின் இந்த அமைப்பு நம் தட்பவெப்பத்துக்கென்றே ஏற்பட்டது. தம்பானூர் பஸ் நிலையத்தை ஒட்டிய இந்தியன் காபி ஹவுஸ் நமக்குத் தெரியாததா? லாரி பேக்கர் வடிவமைத்த அந்தச் செங்கல் கட்டடத்தில், சுவரின் துளைகளே காற்றையும் வெளிச்சத்தையும் கொண்டுவருகின்றன. உள்ளூர் மக்கள் காலங்காலமாகக் கட்டிய வீடுகளிலிருந்து கற்றவர் அவர். நாமோ கற்க வேண்டிய வீட்டையே இடிக்கிறோம்!

பழுது பார்ப்பதிலும் கவனம் வேண்டும். சுண்ணாம்புக் காரைச் சுவர், உள்ளே ஏறும் ஓதத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். உடைந்த ஓட்டை மாற்றலாம். உளுத்த கைமரத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்று வைக்கலாம். இதற்காக வீட்டையே தரைமட்டமாக்க வேண்டியதில்லை.

குருவானவர் வசதியாக வாழக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. குளியலறை, சமையலறை, மின்சார வசதி அனைத்தையும் பழைய வீட்டுக்குள் செய்து தரலாம். இடம் போதாதென்றால் பின்புறம் புதிதாகக் கட்டிக்கொண்டு, பழையதை வாசகசாலையாகவோ மாலை வகுப்புக்கோ வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை ரசீதுப் புத்தகம் வரும்போது நாம் பணம் கொடுப்போம். கூடவே, "குருமனையை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றும் கேட்போம். வெளியூரில் உழைத்து அனுப்புகிறவனின் கேள்வியை எந்தச் சபையும் தட்டிக்கழிக்க முடியாது.