கயிறு இழுத்தவர்கள்
பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு, ஏரியில் ஒரு சுற்றுப் போய்விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். 1613-இல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் 1825-இல் ஊரை ஆங்கிலேயரிடம் கொடுத்ததோடு கதை முடிந்ததாக நினைப்பு. ஆனால் நூறு வருடத்துக்கு முன்பு சென்னையின் அடுப்பு எரிந்ததில் இந்தப் பக்கத்துக்குப் பங்குண்டு. ஸ்ரீஹரிகோட்டா சவுக்கு விறகும் ஏரிக் கிளிஞ்சலும் கருவாடும் பக்கிங்காம் கால்வாய் வழியே பேசின் பாலம் போய்ச் சேர்ந்தன. காற்றிருந்தால் பாய் விரிக்கலாம். இல்லாவிட்டால் கரையில் இறங்கி, தோளில் கயிறு போட்டு, சுமைப்படகை இழுக்க வேண்டியதுதான். அதே காலத்தில், 1905-இல், கலிபோர்னியக் கடற்கரையில் அபட் கின்னி என்ற சிகரெட் முதலாளி வெனிஸ் என்று ஓர் ஊரை எழுப்பி, அழகுக்காகக் கால்வாய் வெட்டினார். கார் பெருகியதும் 1929-இல் பெரும்பாலானவற்றை மூடிச் சாலை போட்டார்கள்; மிஞ்சியதைப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்களின் உழைப்பும் சேர்ந்த நம் கால்வாயில், எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. கல்லறையைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது, சரி. படகு இழுத்தவர்களுக்குக் கால்வாய்க் கரையில் ஒரு தகவல் பலகையாவது வைக்கட்டும். சாம்பலை அள்ளிய பிறகு.