கிரிக்கெட் அணியில் இடஒதுக்கீடு கேட்பீர்களா என்பவர்களுக்கு ஒரு பேஸ்பால் பதில்

எந்தக் கல்லூரியில் இடஒதுக்கீடு பற்றிப் பேசப் போனாலும் கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து இதைக் கேட்காமல் விடுவதில்லை: “அப்போ கிரிக்கெட் டீம்லயும் கோட்டா கேப்பீங்களா?” கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு. பின்வரிசையில் நாலைந்து பேர் கைதட்டுவார்கள். விளையாட்டில் திறமை மட்டும்தான் செல்லும், ரன்னும் விக்கெட்டும் சாதி பார்க்காது, மற்ற இடங்களையும் அப்படியே விட்டுவிடுங்கள் என்பது அந்தச் சிரிப்பின் பொருள்.

“விளையாட்டு வேறு, கல்வி வேறு” என்று சொல்லி நம் தோழர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். ஏன் நகர வேண்டும்? விளையாட்டுக்குள்ளேயே இறங்கிப் பேசுவோம். நான் சில ஆண்டுகளாக விடியற்காலையில் எழுந்து அமெரிக்க பேஸ்பால் பார்க்கிறவன். (வீட்டில் இதற்காக வாங்கும் திட்டு தனிக்கதை.) எண்களை இந்த அளவுக்கு எழுதிவைக்கும் விளையாட்டு இன்னொன்று இருக்குமா தெரியாது. ஓர் ஆட்டக்காரரின் மொத்த மதிப்பையும் ஒரே எண்ணாகச் சுருக்கிவிட ‘வார்’ என்றொரு கணக்கே வைத்திருக்கிறார்கள். சுமாரான மாற்று ஆள் ஒருவர் ஆடியிருந்தால் வந்திருக்கும் வெற்றிகளைவிட இவரால் எத்தனை வெற்றி கூடியது என்று அது சொல்கிறது. தகுதியை அளக்க இதைவிடத் துல்லியமான தராசு கிடையாது என்கிறார்கள். சரி, அந்தத் தராசையே பார்ப்போம்.

1884இல் டோலிடோ அணியில் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கருப்பர் ஆடினார். அதற்குப் பிறகு 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கும்வரை மேஜர் லீக்கில் கருப்பர் என்று அறியப்பட்ட ஒருவர்கூட ஆடவில்லை. இதற்கு எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. ‘கனவான்கள் ஒப்பந்தம்’ என்று அதற்குப் பெயர். எழுதாமலே நடக்கிற ஒப்பந்தங்களைப் பற்றி நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

அந்த அறுபத்துச் சொச்ச ஆண்டுகளில் எழுதப்பட்ட சாதனைப் பட்டியலைத்தான் ‘எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர்கள்’ என்று பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். ஜாஷ் கிப்சன் அந்தப் பட்டியலில் இல்லை. கருப்பர்களுக்கென்று தனியாக நடந்த நீக்ரோ லீக்கில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்கு கேட்சராக இருந்தவர். ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். 2020 டிசம்பரில்தான் மேஜர் லீக் நிர்வாகம் 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக்தான் என்று ஒப்புக்கொண்டது. 2024 மே மாதம் கணக்குகளைச் சேர்த்தது. சேர்த்த அன்றே டை காப் வைத்திருந்த வாழ்நாள் பேட்டிங் சராசரி (0.367) இரண்டாம் இடத்துக்குப் போனது. முதலிடத்தில் கிப்சன், 0.372. செத்து 77 ஆண்டுகள் கழித்து முதல் ரேங்க்.

உடனே ஒரு கூட்டம் கிளம்பியது. நீக்ரோ லீக்கில் ஒரு பருவத்துக்கு ஆட்டங்கள் குறைவு, அதை இதோடு ஒப்பிடலாமா என்று. ஆட்டங்களைக் குறைத்தது யார்? மைதானம், பணம், ஓய்வெடுக்க விடுதி, பயணம் என்று எல்லாவற்றையும் அடைத்துவைத்துவிட்டு, “உங்கள் மாதிரி அளவு போதாது” என்று புள்ளியியல் பேசுகிறார்கள். முதல் தலைமுறையில் படிக்க வருபவரின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு நம்மிடம் பேசுவதும் இதே புள்ளியியல்தான்.

திறந்துவிட்டபோது என்ன நடந்தது? 1945 ஏப்ரலில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி, அரசியல் நெருக்கடிக்குப் பயந்து, ராபின்சன் உள்ளிட்ட மூன்று கருப்பு ஆட்டக்காரர்களைத் தன் மைதானத்துக்கு வரவழைத்து ஒப்புக்கு ஒரு சோதனை நடத்தியது. ஒருவரையும் எடுக்கவில்லை. ராபின்சன் 1947இல் சிறந்த புதுமுகம், 1949இல் தன் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர். அன்று அவரோடு நின்ற சாம் ஜெத்ரோ 1950இல் சிறந்த புதுமுகம்.

கதை அங்கே முடியவில்லை. 1948இல் கிளீவ்லாண்ட் அணி சாட்சல் பெய்ஜ் என்ற பிட்சரை எடுத்தது. நீக்ரோ லீக்கின் மிகப் பெரிய பெயர் அவருடையது. மேஜர் லீக்கில் முதல் பந்து வீசியபோது வயது 42. ‘தி ஸ்போர்ட்டிங் நியூஸ்’ ஏட்டை நடத்திய டெய்லர் ஸ்பிங்க், இது விளையாட்டின் தரத்தைத் தாழ்த்தும் விளம்பர வித்தை என்ற தொனியில் எழுதினார். தரம்! அந்தச் சொல்லை நாம் எங்கெல்லாம் கேட்டிருக்கிறோம்? பெய்ஜ் அந்த அரைப் பருவத்தில் 6 ஆட்டம் வென்றார், ஒன்றில் மட்டும் தோற்றார். கிளீவ்லாண்டும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் 154 ஆட்டங்கள் முடிந்து சமநிலையில் நின்றன. ஒரே ஒரு கூடுதல் ஆட்டம் வைத்தார்கள். ரெட் சாக்ஸ் தோற்றது. ராபின்சனை வேண்டாம் என்று அனுப்பிய அதே அணி, பெய்ஜையும் லாரி டோபியையும் வைத்திருந்த அணியிடம் ஒற்றை ஆட்டத்தில் கோப்பை வாய்ப்பை இழந்தது. அப்படியும் புத்தி வரவில்லை. 1959 வரை காத்திருந்து, எல்லா அணிகளுக்கும் கடைசியாகத்தான் ஒரு கருப்பரைச் சேர்த்தது. சாதிக்காக நட்டப்படவும் தயாராக இருப்பவர்களிடம் “திறமையை மட்டும் பாருங்கள்” என்று கெஞ்சிப் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அதெல்லாம் பழைய கதை, இப்போது எண்தான் ராஜா என்பார்கள். அந்த எண்ணை யார் உண்டாக்குகிறார்கள் என்று பாருங்கள். பிட்சர் வீசும் பந்தை பேட்டர் அடிக்காமல் விட்டால், அது ‘ஸ்ட்ரைக்’கா ‘பால்’ஆ என்று சொல்வது கேட்சருக்குப் பின்னால் குனிந்து நிற்கும் அம்பயர். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட், நான்கு பால் ஆனால் அவருக்கு இலவசமாக முதல் பேஸ். 2004 முதல் 2008 வரை வீசப்பட்ட 35 லட்சத்துக்கும் மேற்பட்ட பந்துகளை எடுத்துக்கொண்டு நான்கு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் 2011இல் வெளிவந்தது. பிட்சர் தன் இனத்தவராக இருந்தால் அம்பயர் ஸ்ட்ரைக் கொடுப்பது சற்றுக் கூடுகிறது. வித்தியாசம் சிறியதுதான், மிகைப்படுத்த வேண்டாம். ஆனால் அம்பயர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் என்பதால் லாபம் யாருக்கு என்பது தெரிந்ததே.

எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த கண்டுபிடிப்பு. அம்பயரின் தீர்ப்பைச் சரிபார்க்கும் கேமரா பொருத்தப்பட்ட மைதானங்களில் இந்தப் பாரபட்சம் காணாமல் போகிறது. கூட்டம் நிரம்பி வழியும் ஆட்டங்களிலும் அப்படியே. கண்காணிக்கப்படும்போது நேர்மையாக இருக்க முடிகிறவர் மற்ற நேரத்தில் ஏன் அப்படி இல்லை? இன்னொன்று: பாரபட்சத்தை எதிர்பார்க்கும் பிட்சர் ஓரத்தில் வீசப் பயந்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நடுவில் வீசுகிறார். நடுவில் வீசினால் அடி விழும். அவருடைய எண் கெடும். பிறகு அந்தக் கெட்ட எண்ணைக் காட்டி, “இவர் மதிப்பு இவ்வளவுதான்” என்று ‘வார்’ கணக்கு சொல்லும். இனவெறி என்ற சொல் அந்தக் கணக்கில் எங்கும் இருக்காது.

அம்பயர் இடத்துக்கு வருவதும் சுலபமில்லை. முதல் கருப்பு அம்பயர் எம்மெட் ஆஷ்ஃபோர்ட் 1951இலிருந்து சிறு லீக்குகளில் காத்துக் கிடந்து 1966இல், 51 வயதில், மேஜர் லீக்குக்கு வந்தார். ஓர் அம்பயர் குழுவுக்கு நிரந்தரத் தலைவராகக் கருப்பர் ஒருவர் வர 2020 ஆனது.

எல்லா எண்ணும் நல்லபடியாகவே இருந்தாலும் களத்தில் இறக்கிவிடுவது மேனேஜர். 2016 அக்டோபரில் பால்டிமோர் அணிக்கும் டொரான்டோ அணிக்கும் வெளியேற்ற ஆட்டம். மாற்று பிட்சர்கள் கையைச் சூடாக்கிக் காத்திருக்கும் புல்பென்னில் பால்டிமோரின் ஜாக் பிரிட்டன் இருந்தார். அந்த ஆண்டு 47 முறை வெற்றியைக் காக்க இறக்கினார்கள், 47 முறையும் காத்தார். மேனேஜர் பக் ஷோவால்டர் அவரை இறக்கவே இல்லை. முன்னிலையைக் காப்பதுதான் அவர் வேலை, நம்மிடம் முன்னிலை இல்லையே என்ற வழக்கமான கணக்கு. பதினோராவது இன்னிங்ஸில் வேறொருவர் வீசிய பந்தில் ஹோம் ரன், ஆட்டம் போச்சு. பிரிட்டன் வெள்ளையர், கோடீஸ்வரர், அவருக்காக நான் அழவில்லை. எண் முழுக்கக் கண்முன்னால் இருந்தும் ‘இவருக்கு இதுதான் வேலை’ என்ற பழக்கம் ஜெயிக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். அந்த மேனேஜர் நாற்காலியில் முதல் கருப்பர் ஃபிராங்க் ராபின்சன், 1975இல். அதற்குப் பிறகும், 1987இல், டாட்ஜர்ஸ் நிர்வாகி அல் கம்பானிஸ் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, கருப்பர்களுக்கு மேனேஜர் ஆகத் தேவையானது இல்லாமல் இருக்கலாம் என்றார். ஜாக்கி ராபின்சனின் நாற்பதாம் ஆண்டை நினைவுகூரும் நிகழ்ச்சி அது. வேலை போயிற்று.

கிரிக்கெட்டுக்கும் வருகிறேன், ஏனென்றால் கேள்வி அங்கிருந்து வந்தது. 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் பல்வங்கர் பாலு, தலித். பம்பாய்ப் போட்டிகளில் ஆடிய இந்து அணிக்கு அவர் கடைசிவரை கேப்டன் ஆக்கப்படவில்லை. விக்கெட் சாதி பார்க்காது என்பது உண்மைதான், அணியைத் தேர்ந்தெடுத்தவர்கள் பார்த்தார்கள்.

2026 பருவத்திலிருந்து மேஜர் லீக்கில் ஒரு புது விதி. அம்பயர் சொன்னது தவறென்று பட்டால் பேட்டரோ பிட்சரோ கேட்சரோ உடனே தலையில் தட்டலாம். மேனேஜரைக் கேட்க வேண்டியதில்லை. கேமரா பதிந்த பந்தின் பாதை எல்லோரும் பார்க்கத் திரையில் வரும், தவறென்றால் தீர்ப்பு மாறும். ஜேஎன்யூவில் 2016இல் நஃபே குழு எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணையும் நேர்முகத் தேர்வு மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பாரபட்சம் தெரிகிறது, நேர்முகத்துக்கான 30 மதிப்பெண்ணை 15 ஆக்குங்கள் என்றது. உங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படி இரண்டையும் பிரித்து, பிரிவு வாரியாக வெளியிடுகிறார்களா? முனைவர் பட்ட நேர்முகத்தைப் பதிவு செய்கிறார்களா? இந்த ஆண்டுச் சேர்க்கை தொடங்குவதற்கு முன்பே ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். பதிலைத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.